யார் வீட்டு உலை?

அன்றாடத்தில் அன்பு – 17

போன வாரம், தத்துவ போதகர் என்று பெயர்பெற்ற சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியை 1606-இல் மதுரைக்குள் கூட்டிவந்து விட்டாயிற்று. இந்த வாரம் காலை ஜெபத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; குறிப்புகள்கூட எடுத்து வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு சொல் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக் காலையில் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். அந்தச் சொல் இன்னும் எழுந்துபோகவில்லை.

‘ஒல.’

எழுத்தில் உலை. எங்கள் பக்கத்தில் வாய் திறந்தால் ஒலதான். “ஒல வச்சாச்சா?”, “ஒல கொதிக்குது, அரிசியைப் போடு.” அண்ணன் தம்பிக்குள் ஒத்துவராமல் போனால், “அவங்க தனி ஒல வச்சுட்டாங்க” என்பார்கள். பங்கு பிரித்துப் பத்திரம் எழுதுவதெல்லாம் பிறகு. முதலில் பிரிவது உலை. எங்கள் தாத்தா வீட்டில் பெரியம்மா ஒருநாள் பின்கட்டில் மூன்று செங்கல்லை வைத்துத் தனியாக அடுப்பு மூட்டினார். ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே கிணறு. ஆனால் அன்றிலிருந்து இரண்டு குடும்பம். அப்பாயி அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இந்தச் சொல்லைப் பிடித்து ஓர் இறையியலையே கட்டினார் ஒருவர். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன போதகர் தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். 2005-இல் காலமானார். அவர் பாட்டுகளை ஆராய்ந்த அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன், 2014-இல் அவரை மையமாக வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கீர்த்தனை இராகங்களை விட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டில் பாட்டுக்கட்டி, ஒரு திருவிருந்து ஆராதனை முழுவதையும் அந்த இசையிலேயே அமைத்தவர் அப்பாவு. எந்தப் பறையை ஊர் தீட்டு என்று தள்ளிவைத்ததோ, அந்தப் பறை ஆலயத்துக்குள் முழங்கியது. பரமண்டல ஜெபத்தைப் பாட்டாக்கியபோது, கடவுளை அவர் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். அப்பனா ஆத்தாளா என்று பிரிக்க முடியாத சொல். என் அம்மா அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய ‘ஒரு ஒல’ இதுதான்: ஒரே உலையில் பொங்கிய சோற்றைத் தின்பவர்கள் ஒரே குடும்பம். கடவுள் எல்லோரையும் பெத்தவர் என்றால், எல்லோருக்கும் உலை ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். திருவிருந்து மேசையில் கிண்ணம் ஒன்று, வீட்டுக்குப் போனதும் உலை வேறு என்றால், ஆலயத்தில் நாம் குடித்தது என்ன? இவ்வளவுதான். திங்கட்கிழமை மத்தியானம் யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று கேட்கிற இறையியல் அது. அதற்குப் பதில் சொல்வது எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டுக் காலை ஜெபத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் இந்தச் சொல் கையில் கிடைத்ததும் மதுரையின் கிறிஸ்தவ வரலாறே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. நானூறு வருஷமாக இந்த ஊரில் கடவுளின் அன்பு அடுப்படியில்தான் சோதனைக்கு வந்திருக்கிறது.

தத்துவ போதகரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்தபோது இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயதான சேசு சபைக்காரர் இருந்தார். இருவரும் ஒரே சபை, ஒரே குருத்துவம். ஆனால் பெர்னாண்டஸ் ஊர் கண்ணுக்குப் பறங்கி. மாட்டிறைச்சி தின்பவர், கள் குடிப்பவர் என்று பெயரெடுத்த கூட்டம். நொபிலி அந்த வீட்டை விட்டு வெளியேறினார். காவி, பாதக்குறடு, பிராமணச் சமையல்காரர், நாளுக்கு ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு. மதுரை மிஷன் பிறந்ததே தனி உலையில். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு ரோமாபுரி வரை இழுத்துக்கொண்டு போய், 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிறகு ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போய்ப் பழகுவதற்கென்றே 1640-இல் பண்டாரசாமிகள் என்று தனியாக ஒரு குருமார் வரிசையை ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

நொபிலியை நான் நேசிக்கிறேன். ஒரு மொழியின் வாசலில் அவ்வளவு பணிவாக நின்றவர்கள் குறைவு. ஆனாலும் பெர்னாண்டஸ் அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்ட ராத்திரிகள் எனக்கு மனசைப் பிசைகின்றன.

இப்போது பசுமலைக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் வந்த அமெரிக்கன் மதுரை மிஷன் நொபிலிக்கு நேர் எதிராக நடந்தது. சாதி அஞ்ஞானத்தின் வேர், அதை விட்டவர்தான் சபையார் என்று 1847-இல் முடிவெடுத்தார்கள். விட்டதற்கு அத்தாட்சி? பந்தி. ஒடுக்கப்பட்டவர் சமைத்ததை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அன்பின் விருந்து. உபதேசியார்கள் பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். பசுமலையில் மிஷன் செமினரியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் பலர் பெட்டியைக் கட்டினார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதே பந்தியைத் திருவிருந்துக்கு நிபந்தனையாக்கியது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

கொள்கையில் அவர்கள் செய்தது சரி. நான் இதில் மழுப்ப மாட்டேன். ஆனால் சம்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “சாப்பிடு, அப்போதுதான் உனக்கு அன்பு இருக்கிறது” என்று சொன்னால், சாப்பிடுகிறவன் மனசில் என்ன இறங்கும்? அந்தப் பந்தியில் சமைத்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் கைச்சோறு மற்றவர்களுக்குப் பரீட்சையாக வைக்கப்பட்டது. அவளை யாராவது, “நீயும் உட்காரம்மா” என்று சொன்னார்களா?

அந்தியோகியாவில் பேதுருவும் இதே இடத்தில்தான் தடுக்கினார். புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகினார். பவுல் முகத்துக்கு முன்பாக அவரைக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மண் குடிசை ஞாபகம் வரும்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயசு. திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் தொடங்குகிற இடத்தில் ஒரு ஊர். வாலிபர் குழுவோடு சுவிசேஷ ஊழியத்துக்குப் போயிருந்தேன். கடவுளின் அன்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன், நன்றாகவே பேசினேன். கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார். ஈயச் சட்டியில் கம்மங்கூழ், பக்கத்தில் இரண்டு சின்ன வெங்காயம்.

“ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க தம்பி.”

“இல்லம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்.”

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். “சரிப்பா” என்று சொல்லிச் சட்டியை மூடினார். மூடி லேசாகச் சத்தம் போட்டது. என் அன்புப் பிரசங்கத்துக்கு வந்த பதில் அந்தச் சத்தம். நான் மனந்திரும்பிய நாள் எது என்று யாராவது கேட்டால், ஞானஸ்நான நாளைச் சொல்வதற்கு முன்னால் அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

காலை ஜெபம் அடுத்த வாரம். கட்டாயம். அதற்குள் போன மாதம் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு சபையில் அறுப்பின் பண்டிகை. ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று அண்டா. விறகுப் புகையில் கண் எரிகிறது. உலையில் அரிசியைக் கொட்டிய அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பால் அடியிலிருந்து கிளறுகிறார். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, “இன்னும் ஒரு கொதி” என்கிறார். ஒரு சொட்டுக் குழம்பை என் உள்ளங்கையில் விட்டு, “உப்புப் பாருங்கய்யா” என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது.

ஆராதனை முடிந்தது. மூன்று குடும்பங்கள் மட்டும் பந்திக்கு நிற்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பின. ஏனென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. பந்தியில் அவர்களுக்காகப் போட்ட இலைகள் தண்ணீர் தெளித்தபடி கிடந்தன. ஒரு பையன் அவற்றை எடுக்கக் குனிந்தான்.

“கெடக்கட்டும்டா,” என்றார் அந்த அம்மா. “வந்தாலும் வருவாங்க.”

(தொடரும்)