கால்வாயைக் கடக்கும் கப்பலில்



திருகோணமலையில் வாழ்பவர்களுக்குக் கப்பல் புதிதன்று. ஒஸ்டன்பேர்க் முனையைக் கடந்து உள்துறைமுகத்தினுள் கப்பல் நுழையும் காட்சியைச் சிறுவயது தொட்டே கண்டவர்கள் நாம். அந்த ஆழம் மனிதர் தோண்டியதன்று, இயற்கை தந்தது. ஆகவே, மனிதர் மணலை வெட்டி அமைத்த நீர்வழியிலே ஒரு பெருங்கப்பல் எவ்வாறு ஊர்ந்து செல்கின்றது என்பதை நாம் இங்கிருந்தபடியே எளிதில் ஊகித்துவிட இயலாது.

சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசப் பயணக் கப்பலொன்று 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நமது துறைமுகத்துக்கும் வந்து சென்றது. அத்தகைய கப்பலொன்றில் மேற்றிசை நோக்கிச் சுயஸ் கால்வாய் வழியாகப் பயணஞ்செய்ய நேருமாயின், பிரயாணியின் முன் ஒரு வினா எழும். கால்வாயின் தென்முனையிலே இறங்கி, மோட்டார் வண்டியிற் கெய்ரோ சென்று, பிரமிட்டுகளைப் பார்த்துவிட்டு வடமுனையாகிய போர்ட் சயிட்டிற் கப்பலைப் பிடிப்பதா? அன்றி, கப்பலிலேயே தங்கிவிடுவதா? கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்ற அக்காலத்துப் பிரயாணிகளும் இதே வினாவை எதிர்நோக்கியவர்களே. அவர்களிற் பலர் கெய்ரோவுக்கே சென்றனர். நான் கப்பலிலே தங்குவதையே விரும்புவேன். பிரமிட்டுகளைப் பின்னொரு நாள் விமானத்திற் சென்றும் பார்க்கலாம். கால்வாயைக் கப்பலின் மேற்றளத்திலிருந்து பார்ப்பதற்கோ கப்பலிலேதான் இருக்க வேண்டும்.

நடுவழியில் மனம் மாறினாலும் இறங்குவதற்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல்கள் தனித்தனியே செல்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, குறித்த இடைவெளியில், அணியாகவே செல்கின்றன. தன் முறைக்குரிய வேளையைத் தவறவிட்ட கப்பல் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கரைக்குச் சென்ற ஒருவருக்காக அந்த அணி நிற்காது.

1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி திறக்கப்பட்ட இக்கால்வாய், இன்று ஏறத்தாழ 193 கிலோமீற்றர் நீளமுடையது. பனாமாக் கால்வாயிலே கப்பலை நீர்ப்பூட்டுகளால் 26 மீற்றர் வரை உயர்த்திப் பின்னர் இறக்குவார்கள். சுயஸில் அத்தகைய பூட்டு ஒன்றேனும் இல்லை. இரு கடல்களின் மட்டத்துக்கும் இடையே பெரிய வேறுபாடில்லாமையே அதற்குக் காரணம். கால்வாயின் வழிகாட்டி கப்பலில் ஏறியதும், மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவான வேகத்திலே பயணம் தொடங்கும். கடந்து முடிக்கப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் வரை செல்லலாம்.

ஏன் இத்துணை மந்தம்? விரைந்து சென்றால் எழும் அலை கரையை அரித்துவிடும். அதுமட்டுமன்று, ஒடுங்கிய நீரில் விரையும் கப்பல் வழக்கத்தினும் ஆழமாக அமிழும். ஒரு கரையை நெருங்கிவிட்டாலோ, கப்பலுக்கும் கரைக்கும் இடையே நீரின் அழுத்தம் குறைந்து, பின்புறம் அக்கரையை நோக்கி இழுபடும். 400 மீற்றர் நீளமான ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் 2021 மார்ச் 23ஆம் திகதி பலத்த காற்றினிடையே கரையில் மோதிக் குறுக்காக நின்றபோது, ஆறு நாட்கள் வழி அடைபட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக்கிடந்தன.

ஆறு நாட்களையே பெரிதெனக் கருதுகிறோம். 1967 ஜூன் மாதம் போர் மூண்டபோது, அணியாகச் சென்றுகொண்டிருந்த பதினான்கு கப்பல்கள் கால்வாயின் நடுவேயுள்ள பெரிய கசப்பு ஏரியிற் சிக்கின. எட்டு ஆண்டுகள் அவை அங்கிருந்து வெளியேறவில்லை! பாலைவனத்து மணல் அவற்றின் மேல் படிந்து நிறம் மாறியமையால், ‘மஞ்சள் கப்பற்படை’ என்று பெயர் பெற்றன. பிரித்தானியர், ஜெர்மானியர், போலந்தர், சுவீடியர், அமெரிக்கர் என அரசியலிற் பிரிந்துநின்ற நாடுகளின் மாலுமிகள் அங்கே ஒரு சங்கம் அமைத்தனர். படகோட்டப் போட்டிகள் நடத்தினர். தமக்கெனத் தபால் முத்திரைகளும் வெளியிட்டனர். மாலுமிகள் முறை மாறி வந்து சென்றனர். கப்பல்கள் மட்டும் நின்றன. 1975இல் வழி திறந்தபோது, இரண்டு ஜெர்மன் கப்பல்கள் தாமாகவே இயந்திரம் இயக்கி ஹம்பேர்க் துறையை அடைந்தன. அந்த ஏரியைக் கடக்கும்போது நீர் அமைதியாகவே தோன்றும். தெரிந்து பார்ப்பவருக்கே அது வெறும் நீரன்று.

வடக்கு நோக்கிச் செல்லும் கப்பலில் இடப்புறம் நின்றால், நைல் நதிநீர் பாயும் பசுமையும், பேரீச்ச மரங்களும், இஸ்மாயிலியா நகரமும் தெரியும். வலப்புறம் சினாய்ப் பாலைவனம். ஒரே கப்பலின் இரு பக்கங்களில் இரண்டு உலகங்கள்! அல்-கந்தராவுக்கு அருகே, நீருக்கு 70 மீற்றர் உயரத்திலே செல்லும் பாலத்தின் கீழே கப்பல் நுழையும்போது, கொடிமரம் இடித்துவிடுமோ என்று நெஞ்சம் ஒருகணம் துணுக்குறும், இடிப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து செங்கடலிலே கப்பல்கள் தாக்கப்பட்டமையால், பல கப்பல்கள் இவ்வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பணம் கட்டுமுன், கப்பல் உண்மையிலேயே கால்வாய் வழியாகத்தான் செல்கின்றதா என்பதைக் கம்பனியாரிடம் எழுத்திற் பெற்றுக்கொள்வது நன்று. செல்வதாயின், முதல்நாள் இரவு நேரத்தோடு உறங்குங்கள். அணி பெரும்பாலும் விடியுமுன்னரே புறப்பட்டுவிடும். விடிகாலைக் குளிருக்கு ஒரு போர்வையும், நண்பகல் வெயிலுக்கு ஒரு தொப்பியும் எடுத்துக்கொண்டு, மேற்றளத்தின் முன்புறத்தில் இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.