காரில் ஓய்வு பெறும் பேட்டரிக்கு மின் கட்டமைப்பில் மறுவாழ்வு: வாய்ப்பும் சவாலும்

புது தில்லி: மின்சார கார்களில் இருந்து கழற்றப்படும் பேட்டரிகளை உடனே மறுசுழற்சிக்கு அனுப்பாமல், மின்சாரத்தைச் சேமித்து வைக்க மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தும் முறை சில நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. மின்சேமிப்புத் தேவை உயர்ந்து வரும் இந்தியாவுக்கு இது எந்த அளவு கைகொடுக்கும் என்பது, பழைய பேட்டரியின் எஞ்சிய ஆயுளைக் குறைந்த செலவில் கண்டறிய முடியுமா என்பதைப் பொறுத்தே அமையும்.

ஓய்வு பெற்ற பின்னும் உயிர் எப்படி?

லித்தியம்-அயனி பேட்டரியின் கொள்ளளவு 70 முதல் 80 சதவீதமாகக் குறையும்போது, அது காருக்கு ஏற்றதல்ல என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஒருமுறை சார்ஜ் செய்தால் கார் ஓடும் தூரம் குறைந்துவிடுவதே காரணம். ஆனால், 40 யூனிட் கொள்ளளவு கொண்ட பேட்டரி 70 சதவீதத்துக்குக் குறைந்தாலும், அதில் 28 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கலாம்.

காரில் எடையும் இடமும் முக்கியம். ஓரிடத்தில் நிலையாக நிறுவப்படும் சேமிப்பு நிலையத்தில் இவை பெரிய தடையல்ல. நண்பகலில் மிகுதியாகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைச் சேமித்து, தேவை உச்சம் தொடும் மாலையில் வழங்குவதே அங்கு பேட்டரியின் பணி.

இந்தியாவின் தேவை

மத்திய மின்சார ஆணையம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய மின்சாரத் திட்டத்தின்படி, 2031-32இல் நாட்டுக்கு 236 ஜிகாவாட்-மணி அளவிலான பேட்டரி சேமிப்பு தேவைப்படும். இது சுமார் 23.6 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

முன்னுதாரணங்கள்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள யோஹன் கிரைஃப் அரங்கில், நிசான் லீஃப் கார்களின் புதிய மற்றும் பழைய பேட்டரிகளைக் கொண்டு 3 மெகாவாட் திறனுள்ள சேமிப்பு அமைப்பு 2018இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் பி2யூ நிறுவனம், ஹோண்டா, நிசான் கார்களின் சுமார் 1,300 பழைய பேட்டரிகளை இணைத்து 25 மெகாவாட்-மணி கொள்ளளவு கொண்ட நிலையத்தை இயக்குகிறது.

சிக்கல் எங்கே?

ஒரே மாடல் கார்களின் பேட்டரிகள்கூட ஒரே மாதிரி முதுமை அடைவதில்லை. வெப்பம், விரைவு சார்ஜிங், ஓட்டும் முறை ஆகியவற்றைப் பொறுத்து அவற்றின் நிலை மாறுபடும். தொடராக இணைக்கப்படும் செல்களில் மிகவும் பலவீனமானதே மொத்தத் திறனையும் தீர்மானிக்கும். எனவே ஒவ்வொரு பேட்டரியையும் சோதித்துத் தரம் பிரிக்க வேண்டியுள்ளது. சேதமடைந்த செல்களை அடையாளம் காணத் தவறினால் தீ விபத்து அபாயமும் உண்டு.

மறுபுறம், புதிய பேட்டரிகளின் விலை சரிந்து வருகிறது. புளூம்பெர்க்-என்இஎஃப் ஆய்வின்படி, 2024இல் லித்தியம்-அயனி பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் குறைந்து, கிலோவாட்-மணிக்கு 115 டாலரானது. சோதனை, போக்குவரத்து, மறுசீரமைப்புச் செலவுகள் கூடினால், பழைய பேட்டரியின் விலைச் சாதகம் கரைந்துவிடும்.

விதிகள் சொல்வது என்ன?

மத்திய அரசின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022, பயன்படுத்தப்பட்ட பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி அல்லது மறுசீரமைப்பு செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைக்கின்றன. அவற்றை நிலத்தில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை உள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்று, மின்சார வாகன பேட்டரிகளின் விவரங்களை மின்னணு முறையில் பதிவு செய்யும் 'பேட்டரி பாஸ்போர்ட்' முறையை 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்க முடிவு செய்துள்ளது. இத்தகைய பதிவு இருந்தால், பேட்டரியின் கடந்த காலத்தை அறிய மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டிய தேவை குறையும்.

மறுபயன்பாடு மறுசுழற்சிக்கு மாற்றல்ல; அதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் வழி மட்டுமே. இரண்டாவது பணியும் முடிந்த பிறகு, பேட்டரியில் உள்ள லித்தியம், நிக்கல் போன்ற உலோகங்களை மீட்டெடுக்கும் ஆலைகளுக்கு அது சென்றே ஆக வேண்டும்.