கொரியாச் சண்டையும் கோழி விலையும்

சிங்கப்பூரின் தெக்கா உணவங்காடியில் ஒரு தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் உலக அரசியல் தானாகக் காதில் விழும். எண்ணெய் விலை, ரூபாய் மதிப்பு, எந்த நாடு யாருக்கு வரி போட்டது என்று மேசைக்கு மேசை ஒரு வெளியுறவு அமைச்சர் இருப்பார். இந்தப் பேச்சும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டும் ஒரே சாதி என்பது என் கட்சி. எப்படி என்கிறீர்களா? தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாட்டின் அமைப்பு. புளூஸ் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 12 அளவு. அளவுக்கு 4 தட்டு. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இப்படிச் சொல்லலாம்: முதல் நான்கு அளவும் ஸட்ஜத்தில் நிற்கும். அடுத்த இரண்டு மத்தியமத்துக்குப் போகும். பின் இரண்டு அளவு ஸட்ஜம். கடைசி நான்கில் பஞ்சமம், மத்தியமம் என்று இறங்கி வீடு வந்து சேரும். பாடும் வரி மூன்றுதான். முதல் வரியில் குறையைச் சொல்வார். இரண்டாம் வரியில் அதையே திரும்பச் சொல்வார். மூன்றாம் வரியில்தான் போட்டு உடைப்பார். வரிக்கு வரி வாய் ஓய்ந்ததும் கித்தார் பதில் சொல்லும். காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் இழுபடும்; அழுகிறாரா, கேலி பண்ணுகிறாரா என்று பிடிபடாமல் போவது அதனால்தான்.

இப்போது நம் மேசைக்கு வாருங்கள். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் உயிரோடு வந்து இங்கே அறுபடுபவை. காரணங்களில் ஒன்று தீவன விலை. மக்காச்சோளம் விளைந்து கப்பலேறும் உக்ரேனில் போர். எங்கோ குண்டு விழ, இங்கே ஈரச்சந்தையில் அன்றன்று அறுத்த கோழி இல்லாமல் போனது. அக்டோபரில்தான் பிராய்லர் கோழி உயிரோடு மறுபடி வரத் தொடங்கியது. அந்த மாதங்களின் பேச்சை அப்படியே புளூஸ் ஆக்கினால் இப்படி வரும், நான் கட்டியதுதான்:

கோழி விலை ஏறிப்போச்சு, கூடையில ஒண்ணுமில்ல;
ஆமாண்ணே, கோழி விலை ஏறிப்போச்சு, கூடையில ஒண்ணுமில்ல;
சண்டை போட்டவன் எங்கேயோ, என் சட்டியில எலும்புகூட இல்ல.

நேட்டோ பற்றி ஒரு சொல் இல்லை. ஆனாலும் இது உலக அரசியல்தான்.

இதை நிஜமாகவே செய்து காட்டியவர் புளூஸ் பாடகர் ஜே. பி. லெனோர். 1929-ல் மிசிசிப்பியில் பிறந்து, சிக்காகோவுக்குப் பிழைக்கப் போனவர். பெண் குரலோ என்று எண்ண வைக்கும் மெல்லிய, உயர்ந்த குரல். 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. போர் நடந்துகொண்டிருந்தபோதே அவர் பாடிப் பதித்தது 'கொரியா புளூஸ்'. படைக்கு ஆள் எடுக்கும் தாள் வந்துவிட்டது. காதலியிடம் கவலைப்படாதே என்கிறார். ஆனால் தன் படுக்கையில் இனி யார் படுப்பாரோ என்பதுதான் அவர் கவலை. கம்யூனிசமும் இல்லை, சுதந்திர உலகமும் இல்லை.

அதே போர் நம் பக்கம் எப்படி வந்தது? ரப்பராக வந்தது. வல்லரசுகள் டயருக்கும் கையிருப்புக்கும் வாங்கிக் குவித்தன. 1949-ல் ராத்தல் 40 காசுக்கும் கீழே கிடந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் சிங்கப்பூர்ச் சந்தையில் 2 வெள்ளியைத் தாண்டியது. மலாயாத் தோட்டங்களில் மரம் சீவிய தமிழர்களுக்குக் கூலி கொஞ்சம் ஏறியது. அரிசி விலையும் கூடவே ஏறியது. 1953-ல் சண்டை நின்றது. அந்த ஆண்டு ரப்பர் 70 காசு வாக்கில் வந்து நின்றது.

அமெரிக்காவிலும் பொருளாதாரம் படுத்தது. 1954-ல் லெனோர் 'ஐசனோவர் புளூஸ்' பாடினார்: வேலை இல்லை, கையில் காசு இல்லை, இருந்ததும் வரிக்குப் போயிற்று. அந்த இசைத்தட்டு சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, அதிபர் பெயரை எடுத்துவிட்டு 'டாக்ஸ் பேயிங் புளூஸ்' என்று திரும்பி வந்தது. போரைப் பாடியபோது வராத வம்பு, பெயர் சொல்லிக் கணக்குக் கேட்டபோது வந்தது.

புளூஸ் கேட்கத் தொடங்குபவர்கள் இந்த இரண்டையும் இதே வரிசையில் கேளுங்கள். ஒரு போரின் வரவும் செலவும் ஆறேழு நிமிடத்தில் புரிந்துவிடும். தேநீர் மேசையில் அரசியல் பேசும் அண்ணனிடம், எந்த நாடு ஜெயிக்கும் என்று கேட்காதீர்கள், ஊரை அளப்பார். உங்களுக்கு இதில் என்ன செலவாச்சு என்று கேளுங்கள். ஒரு தடவை சொல்வார். அதையே இன்னொரு தடவையும் சொல்வார். பொறுத்திருங்கள், மூன்றாவது வரி வரும்.