பழைய மகிழுந்தின் ஒற்றை ஒலிபெருக்கி

இக்கால மகிழுந்தில் ஏறி அமர்ந்தால் கதவுகளிலிருந்தும் பின்னிருக்கையின் பின்புறமிருந்தும் பாட்டு நம்மைச் சூழ்ந்துகொள்ளும். 1967 முதல் 1969 வரை வெளிவந்த அமெரிக்கச் செவ்ரொலே கமாரோவில் அப்படியில்லை. டேஷ்போர்டின் நடுவே, முன்கண்ணாடிக்கு அருகில், நீள்வட்ட வடிவ ஒலிபெருக்கி ஒன்று மேல்நோக்கிப் படுத்திருக்கும். அதன் அகலம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். நீளம் 25 சென்டிமீட்டர். அதிலிருந்து எழும் ஒலி நேரே காதுக்கு வராது. முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும்.

அக்காலத்திற்கு அது போதுமானதாகவே இருந்தது. அப்போது மகிழுந்துகளில் பெரும்பாலும் ஏ.எம். வானொலிதான் பொருத்தப்பட்டது. இடம், வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியையும் அது ஒரே தடத்தில் தரும். ஒரு தடத்திற்கு ஓர் ஒலிபெருக்கி போதாதா?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெயிலைக் கண்ட அந்த ஒலிபெருக்கி இன்று பெரும்பாலும் கரகரக்கும். அதன் கூம்பு காகிதத்தால் ஆனது. கூம்பின் அடியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதனைச் சுற்றிலும் காந்தம் இருக்கும். வானொலியிலிருந்து வரும் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பும் அதனுடன் அசைந்து காற்றை அதிரச் செய்யும். முன்கண்ணாடி வழியே வரும் வெயில் காகிதத்தை ஆண்டுக்கணக்கில் காயவைத்து நொறுங்கச் செய்துவிடுகிறது. விளிம்பு கிழிந்த கூம்பு, கிழிந்த முரசுக்குச் சமம்.

ஆனாலும் ஓசை கெட்டதும் ஒலிபெருக்கியின்மேல் பழி போடுவது சரியன்று. வானொலியே பழுதாகியிருக்கலாம். ஒலிபெருக்கியின் கம்பிகளை வானொலியிலிருந்து கழற்றிவிட்டு, கைவிளக்கில் போடும் 1.5 வோல்ட் மின்கலத்தை அதன் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். ‘டப்’ என்று ஓசை எழுந்தால் சுருள் அறுபடவில்லை என்று பொருள். ஓசையே எழாவிட்டால் அந்த ஒலிபெருக்கியின் காலம் முடிந்தது.

சரி, கடைக்குப் போய் அதே அளவில் புதியதொன்றை வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். பலர் இடறி விழும் இடம் இதுதான். ஒலிபெருக்கிக்கு நீளம், அகலம் தவிர இன்னோர் அளவும் உண்டு. அதுவே மின்தடை, அதனை ஓம் என்னும் அலகால் குறிப்பர். கமாரோவைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ், டெல்கோ என்ற தன் பிரிவின் வானொலிகளை 10 ஓம் ஒலிபெருக்கிக்கு ஏற்ப வடிவமைத்தது. இன்று கடைகளில் கிடைக்கும் மகிழுந்து ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 4 ஓம்.

அறிவியல் பாடத்தில் படித்த ஓம் விதியை இங்கே நினைவுகூருங்கள். மின்னழுத்தம் மாறாமல் மின்தடை 10 ஓமிலிருந்து 4 ஓமாகக் குறைந்தால், மின்னோட்டம் இரண்டரை மடங்காகும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதி பட்டறையில் கையைச் சுடும்! அந்த வானொலிகளில் ஒலியைப் பெருக்கும் கடைசி டிரான்சிஸ்டர், பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டே இருக்கும். எப்போதும் சூடாகவே இருக்கும். மேலும் அது ஜெர்மானியத்தால் ஆனது. ஜெர்மானியம் இன்றைய சிலிக்கானைப் போல வெப்பம் தாங்காது. ஏற்கெனவே சூடாக இருப்பதன்மேல் கூடுதல் சுமையை ஏற்றினால் அது எரிந்துபோகக்கூடும். ஒலிபெருக்கியை மாற்றப் போய் வானொலியையும் இழக்க நேரிடும். ஒலிபெருக்கியை இணைக்காமல் அந்த வானொலியை முடுக்குவதும் கூடாது.

4 ஓம் ஒலிபெருக்கியுடன் 6 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் 10 ஓம் ஆகிவிடுமே என்று சிலர் கேட்பர். கணக்கு சரிதான். ஆனால், வானொலி தரும் ஆற்றலில் 60 விழுக்காடு அந்த மின்தடையில் வெப்பமாக வீணாகும். காதுக்கு எட்டுவது மீதி மட்டுமே. அதைவிடப் பழைய மகிழுந்துகளுக்கென்றே விற்கப்படும் 10 ஓம் ஒலிபெருக்கியைத் தேடி வாங்குவது நல்லது. பழைய சட்டத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு கூம்பையும் சுருளையும் மட்டும் புதுப்பித்துத் தரும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். செலவு கூடினாலும் எனக்குப் பிடித்த வழி அதுதான்.

நம் நாட்டுச் சாலையில் ஓடும் பழைய மகிழுந்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. மின்னல் எஃப்.எம்., ஒலி 96.8 போன்ற நிலையங்கள் பண்பலையில் ஒலிபரப்புகின்றன. ஏ.எம். வானொலியில் அவற்றைக் கேட்க முடியாது. ஆகவே, பழைய முகமும் புதிய உள்ளுறுப்புகளும் கொண்ட ஸ்டீரியோ வானொலியைப் பலர் வாங்கிப் பொருத்துகின்றனர். அதற்கு இடம், வலம் என இரண்டு தடங்கள் உண்டு. டேஷ்போர்டிலோ ஓர் இடம்தான் இருக்கிறது. இரண்டு தடங்களின் கம்பிகளையும் முறுக்கி ஒரே ஒலிபெருக்கியில் இணைத்தால், வானொலியின் ஒரு பாதி மறுபாதியோடு மோதிப் பழுதாகும்.

இதற்குத் தீர்வாக வந்ததே இரட்டைச் சுருள் ஒலிபெருக்கி. ஒரே கூம்பில் தனித்தனியாக இரண்டு சுருள்கள் இருக்கும். இடத்தடம் ஒன்றையும் வலத்தடம் மற்றொன்றையும் அசைக்கும்; கூம்பு இரண்டின் அசைவையும் சேர்த்து ஒலிக்கும். பழைய வானொலிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பி மகிழுந்தின் உலோக உடலோடு இணைந்திருக்கும். புதிய வானொலியில் அப்படி இணைத்தால் அது எரிந்துவிடும். எனவே, ஒவ்வொரு சுருளுக்கும் வானொலியிலிருந்து இரண்டு கம்பிகளையும் புதிதாக இழுக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். கமாரோவில் உலோக உடல் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், அப்போது திருகுசாவி தவறி உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் மகிழுந்துகளில் இது தலைகீழ். அவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதைக் கவனியாமல் இக்கால வானொலியை மாட்டினால், முடுக்கிய கணமே அது கெட்டுவிடும்.

ஒலிபெருக்கியை டேஷ்போர்டின் அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருக்கையில் மல்லாந்து படுத்து, கையை மேலே நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத திருகுகளை விரலால் தடவித் தேடும் வேலை அது. புதிய ஒலிபெருக்கியின் காந்தம் பருமனாக இருந்தால் அங்குள்ள காற்றுக் குழாயில் இடிக்கும். ஆகையால், வாங்கும் முன்பே ஆழத்தையும் அளந்துகொள்ள வேண்டும். இடம் போதவில்லை என்று உலோகத் தகட்டை வெட்டுவோரும் உண்டு. வெட்டியதை மீண்டும் ஒட்டினாலும் பழைய தகடு திரும்பாது. பழைய மகிழுந்தை வாங்க வருவோர் முதலில் தேடுவதும் அத்தகைய வெட்டுகளைத்தான்.

எல்லாம் முடிந்தபின் ஒலியளவை மிகக் குறைவாக வைத்து வானொலியை முடுக்கிச் சில நிமிடங்கள் கேட்க வேண்டும். கழற்றிய ஒலிபெருக்கியைத் துணியில் சுற்றி, மகிழுந்தின் ஆண்டையும் ஓம் அளவையும் எழுதிய சீட்டை அதில் கட்டிப் பத்திரப்படுத்தலாம். கூம்பு கிழிந்திருந்தாலும் அந்தச் சட்டத்தின்மேல் புதிய கூம்பை ஒட்ட முடியும்.