மூன்று கப்பல், மூன்று ஓசை

ஆங்கிலக் கவிஞர் ஜான் மேஸ்ஃபீல்டு 13 வயதில் பயிற்சிக் கப்பலில் சேர்ந்தவர். 1894இல் பாய்மரக் கப்பலில் சிலி வரை போனவர். 1903இல் வெளியான அவரது ‘கார்கோஸ்’ கவிதை 15 வரிதான். ஐந்தைந்து வரியில் மூன்று பத்தி, பத்திக்கு ஒரு கப்பல்.

மூன்றுக்கும் ஒரே அச்சு. முதல் வரியில் கப்பல், இரண்டாவதில் பயணம், மற்ற மூன்றில் சரக்கு. முற்றுவினை ஒன்றுகூடக் கிடையாது. வாக்கியம் முடியாததால் கப்பலும் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டாம், ஐந்தாம் வரிகளுக்கு மட்டும் இயைபு. மூன்றாம் பத்தியில் ‘டேஸ்’ என்ற ஒலி காதில் விழுந்த பிறகு, நிலக்கரியும் ஈயமும் வந்துபோன பின்னரே அதன் ஜோடியான ‘ட்ரேஸ்’ (மலிவுத் தகரத் தட்டுகள்) வருகிறது.

அச்சு ஒன்றென்றாலும் ஓசை வேறு. தமிழ் யாப்பு குறில், நெடில் பார்த்து நேரசை, நிரையசை பிரிக்கும். ஆங்கில யாப்பில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதே கணக்கு. முதல் பத்தியில் அழுத்த அசைகளுக்கு நடுவே லேசான அசைகள் தாராளமாக வருகின்றன. துடுப்பு வலிக்கும் சீர் கிடைக்கிறது. இந்த ஓசைக்காக வரலாற்றையே கவிஞர் விட்டுக்கொடுத்திருக்கிறார். கப்பல் ‘குவின்குவரீம்’, ஊர் ‘நினிவே’. நினிவே டைகிரிஸ் ஆற்றங்கரை நகரம், கடல் வெகுதூரம். அது கி.மு. 612இல் வீழ்ந்து 200 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவ்வகைத் துடுப்புக் கப்பலே தோன்றியது.

இரண்டாம் பத்தியில் ஸ்பானியக் கப்பல் ரத்தினமும் இலவங்கப்பட்டையும் ஏற்றி மிதந்து வருகிறது. மூன்றாவதில் அழுக்கேறிய பிரிட்டிஷ் நீராவிக் கப்பல் இங்கிலீஷ் கால்வாயில் அலையை முட்டிக்கொண்டு போகிறது. உப்புப் படிந்த அதன் புகைபோக்கியைச் சொல்லும்போது நான்கு அழுத்த அசைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. க், ட் என வல்லினம் மோத, நாக்கு வேகமாக ஓட முடியாமல் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்குகிறது. கப்பல் படும் பாட்டை வாசிப்பவர் வாயும் படுகிறது.

பழம்பெருமை போய் மலிவுத் தகரம் வந்துவிட்டதே என்ற புலம்பலாக இதைப் படிப்பவர்கள் உண்டு. ஓசை அப்படிச் சொல்லவில்லை. முதல் இரண்டு கப்பல்களுக்கும் கடல் அமைதியாக வழிவிடுகிறது. மூன்றாவது ஒன்றுதான் அதோடு மல்லுக்கட்டுகிறது. கடலில் உழைத்தவர் கவிதையின் மொத்த வலுவையும் அந்த அழுக்குக் கப்பலுக்கே கொடுத்திருக்கிறார்.