ஒரு கரண்டி மண்ணில் ஒரு வேட்டைக்காரன்

திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் கால்வைக்க இடமிருக்காது. அந்தப் பாதையோரத் தோட்டம் ஒன்றின் எருக்குழியிலிருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் அத்தனை மனிதர்களைவிடப் பன்மடங்கு பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றைக் கொன்று பிழைக்கும் வைரஸ்களும் உண்டு. இவற்றுக்கு 1917-ல் ஃபெலிக்ஸ் தெரெல் வைத்த பெயர் ‘பாக்டீரியோஃபேஜ்’; பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். சுருக்கமாக ஃபேஜ் என்போம். மனித உயிரணுக்களை இவை தாக்குவதில்லை.

சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத இதை எப்படிப் பிடிப்பது? மண்ணை ஊட்டத் திரவத்தில் குலுக்கி, 0.22 மைக்ரான் துளைகளுள்ள வடிகட்டியில் வடிக்க வேண்டும். பாக்டீரியா மேலேயே தங்கிவிடும்; ஃபேஜ் நழுவிக் கீழே இறங்கும். வடிநீரை ‘மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ்’ என்ற பாக்டீரியாவோடு அகார் கூழில் கலந்து தட்டில் ஊற்றுகிறார்கள். காசநோய்க் கிருமியின் உறவுதான் இது, ஆனால் சாது. 37 டிகிரி செல்சியஸில் ஓரிரு நாள் வைத்தால் தட்டெங்கும் பாலாடைபோல் பாக்டீரியா படரும். அதில் குண்டூசித் தலையளவு ஓட்டை தெரிந்தால், அங்கே ஃபேஜ் வேலை செய்திருக்கிறது! (இதற்கு ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் வேண்டும். அடுக்களையில் கிருமி வளர்க்கப் புறப்பட்டுவிடாதீர்கள்.)

ஓட்டை கண்ணாடிபோல் தெளிந்திருந்தால், பெரும்பாலும் அது இரக்கமின்றிக் கொல்லும் ஃபேஜ். கலங்கலாக இருந்தால், சில பாக்டீரியாக்களுக்குள் புகுந்து, கொல்லாமல் தூங்கும் வகை. ஓர் ஓட்டையைத் தொட்டெடுத்து, நீர்க்கச் செய்து, மறுபடி மறுபடி வளர்த்தால் ஒரே வகை ஃபேஜ் மிஞ்சும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் தலையும் வாலும் தெரியும். பிறகு டி.என்.ஏ.வைப் படிக்கலாம்.

அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கல்லூரி முதலாண்டு மாணவர்களே இவ்வாறு ஃபேஜ் தேடுகிறார்கள். அதற்கு முன்பே பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தேடத் தொடங்கிவிட்டார்கள். அங்கே கிரஹாம் ஹாட்ஃபுல் குழு 2003-ல் 10 புதிய ஃபேஜ்களின் டி.என்.ஏ.வைப் படித்து வெளியிட்டது. பார்ன்யார்டு, ரோஸ்புஷ் என்ற வேடிக்கைப் பெயர்களுக்கு நடுவே செ8, செ9சி, செ9டி என்றும் மூன்று. இவை நம் சென்னையில் கிடைத்தவை!

இவற்றில் செ9சி-யைக் கவனியுங்கள். அதன் இரண்டு மரபணுக்கள் டி.என்.ஏ. இழைகளை வெட்டி ஒட்டும் புரதங்களை உண்டாக்குகின்றன. இவற்றைக் கொண்டு காசநோய்க் கிருமியின் மரபணுக்களை விரும்பியபடி மாற்றலாம் என்று 2007-ல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஃபேஜ்களையும் மாற்ற வழி பிறந்தது.

லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி, எந்த மருந்துக்கும் அடங்காத ‘மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்’ கிருமியால் 2018-ல் உயிருக்குப் போராடினாள். மூன்று ஃபேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள். ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அழுகிய கத்தரிக்காயிலிருந்து கிடைத்தது. இன்னொன்றான ஸோயிஜே தூங்கும் வகை. அப்படியே கொடுத்தால் பயனில்லை. அதன் தூக்கத்துக்குக் காரணமான மரபணுவை வெட்டியெறிந்த பிறகே கலவையில் சேர்த்தார்கள். சிறுமியின் அறுவைப் புண் ஆறியது, உடல்நிலையும் தேறியது. கிருமி அடியோடு ஒழியவில்லைதான்.

செ9சி அந்த மருந்துக் கலவையில் இல்லை. ஸோயிஜேயின் மரபணுவை வெட்டிய கத்திதான் சென்னை மண்ணிலிருந்து போனது.