ஜீப்பில் ஏறினால் மனிதன் இல்லை

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்கு மேற்கே, அதை ஒட்டியே சாபி சாண்ட் என்ற தனியார் காடு இருக்கிறது. பரப்பு சுமார் 65 ஆயிரம் ஹெக்டேர். இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். விலங்குகளுக்கு இப்போது அது ஒரே காடு, மனிதர்களுக்குத்தான் இரண்டு. குரூகரில் சொந்தக் காரிலேயே சுற்றலாம், ஆனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. சாபி சாண்டில் ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கும் விடுதிகள் பல உண்டு. நீச்சல் குளமும் நல்ல சாப்பாடும் காசு கொடுத்தால் எங்கேயும் கிடைக்கும். இங்கே கொடுக்கிற காசு, கூரையில்லாத ஜீப் புதர்களுக்குள் புகுந்து ஒரு சிறுத்தையின் பக்கத்தில் போய் நிற்கிறதே, அதற்கு.

சிறுத்தை ஓடுவதில்லை. தலையைத் தூக்கி ஒரு முறை பார்க்கும். மறுபடி பாதத்தை நக்கத் தொடங்கிவிடும். மீசை முடிகளுக்கு மேலே உள்ள கரும்புள்ளிகளை எண்ணும் அளவுக்கு நெருக்கம். அங்குள்ள வழிகாட்டிகள் அப்படித்தான் எண்ணுகிறார்கள்: வலக் கன்னத்தில் மூன்று, இடக் கன்னத்தில் இரண்டு என்றால் அது இன்ன சிறுத்தை, இன்னாருடைய குட்டி.

இந்தத் துணிச்சலுக்கு வயது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் இங்கே சிறுத்தையைப் பார்ப்பது என்றால், புதருக்குள் மறையும் வாலைப் பார்ப்பதுதான். 1979-இல் சாபி சாண்டில் உள்ள லோண்டோலோசி என்ற இடத்தில் ஒரு பெண் சிறுத்தை, அந்த இடத்தை நடத்தியவர்களில் ஒருவரான ஜான் வார்ட்டியும் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரரான எல்மன் ம்லோங்கோவும் வண்டியில் பின்தொடர்வதைப் பொறுத்துக்கொள்ளத் தொடங்கியது. தாய் அஞ்சாத பொருளுக்குக் குட்டியும் அஞ்சுவதில்லை. தலைமுறைகள் அப்படியே வளர்ந்தன. நன்மையும் தராத, தீமையும் செய்யாத ஒன்று திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டால், மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் மேயும் மாடு லாரியைத் திரும்பியும் பார்ப்பதில்லையே, அந்தச் சங்கதிதான்.

ஆனால் பழகியது வண்டிக்கு மட்டும். அதனால்தான் புறப்படும்போதே, "எழுந்து நிற்காதீர்கள், சத்தம் போடாதீர்கள்" என்கிறார் வழிகாட்டி. உட்கார்ந்திருக்கும் வரை ஆறேழு பேரும் வண்டியின் உருவத்துக்குள் அடக்கம். ஒருவர் எழுந்து நின்றால், அந்த உருவத்திலிருந்து மனிதன் தனியாகத் துருத்திக்கொண்டு வந்துவிடுவான்.

மனிதன் என்றால் எவ்வளவு பயம் என்பதை, கனடாவைச் சேர்ந்த உயிரியலாளர் லியானா ஜானெட்டின் குழு இதே குரூகர் வட்டாரத்தில் அளந்தது. முடிவுகள் 2023-இல் வெளியாயின. நீர்நிலைகளுக்கு அருகே தானியங்கிக் கேமராவையும் ஒலிபெருக்கியையும் பொருத்தி, விலங்கு நெருங்கும்போது சிங்கத்தின் உறுமல், துப்பாக்கி வெடி, நாய்க் குரைப்பு, மனிதப் பேச்சு என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். அதட்டல் இல்லை, கூச்சல் இல்லை, சாதாரணப் பேச்சுதான். சிங்கத்தின் குரலைவிட மனிதப் பேச்சைக் கேட்டு ஓடும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம், சிறுத்தை என்று கிட்டத்தட்ட எல்லா இனத்துக்கும் இதே கதை. சிங்கத்தின் குரல் கேட்ட ஒரு யானை ஓடவில்லை. கோபத்தில் பாய்ந்து கேமராவையே உடைத்துப் போட்டது. மனிதக் குரலுக்கோ யானைகளும் இடத்தைக் காலி செய்தன.

ஆக, காடு நம்மை ஏற்றுக்கொண்டது என்று விருந்தினர் நினைத்தால் அது கொஞ்சம் அதிகப்படி. ஆனாலும் சிறுத்தைகள் வண்டிக்குப் பழகிவிட்ட இந்த ஏற்பாட்டால் அறிவியலுக்கு லாபம் உண்டு. வழிகாட்டிகள் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகள் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷமாகிவிட்டன. சிறுத்தை தன் இரையில் ஐந்தில் ஒரு பங்கை மற்ற விலங்குகளிடம், முக்கியமாகக் கழுதைப்புலிகளிடம், பறிகொடுக்கிறது என்பதும், மரத்தில் ஏற்றிவிட்டால் அந்த இழப்பு குறைகிறது என்பதும் அந்தக் குறிப்புகளிலிருந்து தெரிந்தவை. வெயிலில் வியர்த்துத் தடம் பார்த்தவர்களுக்கும் அந்த ஆய்வில் பங்கு உண்டு என்றே சொல்வேன்.

ஜானெட் குழுவுக்குத் தங்கள் ஆய்விலிருந்து வேறொரு யோசனை பிறந்தது. வேட்டைத் திருடர்கள் நடமாடும் பகுதிகளில் மனிதப் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டுவைத்தால், காண்டாமிருகங்கள் அந்தப் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுமா என்று பார்க்க முனைந்தார்கள்.